எரிய வேண்டிய கம்பி

அம்சவல்லி கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் தட்டிப் பார்ப்பாள். டீக்கடையில் கிளாஸை வாங்கினால் விரலை மடக்கி ஒரு தட்டு, காதருகே வைத்து ஒரு கேட்பு, அப்புறம்தான் டீ. தேங்காயைத் தட்டுவது எல்லோரும் செய்கிற காரியம். இவள் மண்சட்டி, பூசணிக்காய், வாசக்கதவு, எவர்சில்வர் அண்டா எதையும் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை புருஷன் தலையையே தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே வரல" என்று உதட்டைப் பிதுக்கினாள். அந்த மனுஷர் அர்ச்சுனன் மாமா, ரயில்வேயில் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே மைல் கணக்கில் நடக்கிறவர். தட்டுகிறவளுக்குத் தட்டுகிறவரையே தேடிப் பிடித்துக் கட்டி வைத்தார்கள் எங்கள் வீட்டில். ஒரே வித்தியாசம், அவர் வாயைத் திறக்க மாட்டார், அவள் மூட மாட்டாள்.

அவள் என் அக்கா. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. வீட்டு மின்சாரப் போர்டில் செருகி வைப்போமே, வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை, அதைச் செய்கிற இடம். சூளையிலிருந்து வெந்து வந்த கட்டைகளைக் கைக்கு ஒன்றாக எடுத்து லேசாக மோதிப் பார்க்க வேண்டும். நல்ல கட்டை 'ணங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருந்தால் 'டொக்' என்னும். ணங் என்றால் பெட்டிக்கு, டொக் என்றால் குப்பைக்கு. பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறாள். "எந்த வூட்டுல லைட்டு எரிஞ்சாலும் அந்தக் கரண்ட்டு என் கையத் தொட்டுட்டுதான் போவுது" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கலெக்டர் தோற்றுப் போவார்.

பியூஸ் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கட்டையின் இரண்டு திருகாணிக்கு நடுவே முடி மாதிரி ஒரு கம்பி. வீட்டு வயர் தாங்குகிற அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அந்தக் கம்பி எரிந்து அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும், வீடு பிழைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். வீட்டுக்குப் பதிலாக எரிவதற்கென்றே வைத்த கம்பி அது.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். நான் நடராசன், வயர்மேன். இரண்டாயிரத்து ஆறு, ஏழில் எனக்கு அடித்தது யோகம். வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்தது. அதன் பின்னாலேயே டிவிடி, மிக்ஸி, கிரைண்டர், தவணையில் பிரிட்ஜ், ஆளுக்கொரு செல்போன், மாடியில் தண்ணீர் மோட்டார் என்று வரிசை கட்டி வந்தன. ஊரே சிரித்துக்கொண்டு இருந்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குள் இருந்த வயர் மட்டும் ரெண்டு குண்டு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்து வயர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பியூஸ் பொசுக்கென்று போய்விடும். என்னைக் கூப்பிடுவார்கள். "தம்பி, சும்மா சும்மா போவாத மாதிரி கெட்டியா போட்டுக் குடு" என்பார்கள். நான் பழைய வயரை உரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் நாலைந்து இழையை முறுக்கிக் கட்டையில் கட்டிவிடுவேன். அது எந்தக் காலத்திலும் எரியாது. அவர்களுக்குச் சந்தோஷம், எனக்குக் காபி. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழு மாசியில், எங்கள் தெருவில் அம்புஜவல்லி என்கிற பெண்ணின் வீடு பட்டப்பகலில் எரிந்தது. கடவுள் புண்ணியம், எல்லோரும் களையெடுப்பில் இருந்தார்கள். கூரை போனது, புது டிவி போனது, மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பட்டுப்புடவையும் போனது. அக்கா வேலை முடிந்து வந்து அந்தச் சாம்பலில் நின்றாள். கரி பிடித்த சுவரோரம் பியூஸ் கட்டை கிடந்தது. எடுத்துத் துடைத்துத் தட்டினாள். ணங். உள்ளே முறுக்கிய செம்புக் கம்பி வைத்தது வைத்தபடி இருந்தது.

"எல்லாம் எரிஞ்சி போச்சு. எரிய வேண்டியது மட்டும் எரியல" என்றாள்.

அந்த வீட்டுக்குக் கம்பி கட்டியது நான் இல்லை, வேறு ஒருத்தர். அன்றைக்கு அதைச் சொல்லி நான் மூச்சுவிட்ட வேகம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்கா என்னை அப்படியே நிற்க வைத்து, தன் மகள் கயல்விழி தலையில் கை வைத்து இனிமேல் கெட்டிக் கம்பி கட்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஆனால் 'இனிமேல்' என்ற சொல்லில் ஒரு வசதி இருந்தது. அதற்கு முன்னால் கட்டியதைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அவளை எந்த வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போக முடியாமல் போயிற்று. காதுகுத்து, வளைகாப்பு, துக்கம் விசாரிப்பது என்று எங்கே போனாலும் முதலில் போர்டிடம் போவாள். சுவரில் புறங்கையை வைத்து சூடு பார்ப்பாள். மெயினை அணைக்கச் சொல்லி, கட்டையைப் பிடுங்கி, கெட்டிக் கம்பி இருந்தால் வீட்டுக்காரியைப் பிடித்துக்கொள்வாள். "தாலி கட்டுன புருஷன நம்புனாலும் பரவால்ல, இத்த நம்பாத" என்பாள். துக்க வீட்டில் அழுதுகொண்டிருந்த பெண்களே இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

இப்படி இருக்கையில்தான் கயல்விழிக்கு வரன் அமைந்தது. கயல் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சேத்தியாத்தோப்பில் பழமலைநாதன் என்ற பையன் நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் போனாள். ஆறு மாதத்தில் யார் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்களோ, இரண்டு வீட்டிலும் பேச்சு வந்தது. ஜாதகமும் மரியாதையாகப் பொருந்திக்கொண்டது. இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினோம். அக்கா, மாமா, தாய்மாமன் நான். பெண் வருவது வழக்கம் இல்லை என்பதால் கயல் வீட்டில் இருந்தாள். பஸ் ஏறுவதற்குள் என் செல்லுக்கு இரண்டு மெசேஜ் அனுப்பிவிட்டாள். இரண்டிலும் ஒரே சங்கதி. "மாமா, அம்மா போர்டு பக்கம் போகாமல் பார்த்துக்கொள்."

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் தண்ணீர்கூடத் தயங்கித்தான் குடிப்போம். மனசுக்குப் பிடித்துச் சம்மதம் என்றால்தான் இலையில் உட்காருவோம். அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, நனைக்காமல் எழுந்து வந்தாலும் பேச்சு முடிந்தது.

பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தப் பச்சைக் கதவு, முன்னால் இழுத்துக் கட்டிய அந்த ஷெட். இது நான் வேலை செய்த வீடு! இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்டர் ஆரம்பிக்கும்போது, பஸ் பிடித்து வந்து வயர் இழுத்துக் கொடுத்தேன். கூப்பிட்டது அந்த வீட்டு அம்மா, பையனை நான் பார்த்ததுகூட இல்லை, அதனால் கயல் போகிற சென்டர் இதுதான் என்று தோன்றவே இல்லை. அங்கே என்ன கட்டினேன் என்பது என் கண்முன் அப்படியே நின்றது. ஐந்து இழை.

மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தசாமி, அம்மா அமிர்தம் இருவரும் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்கள். உள்ளே ஃபேன் சுற்றியது, டிவி ஓடியது, பிரிட்ஜ் உறுமியது, முன் ஷெட்டில் ஆறு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இருந்தன. நான் தலையைக் குனிந்து, அக்காவுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நல்ல இடம் பிடித்தோம் என்று நினைத்தேன். அமிர்தம் அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம வயர்மேன் தம்பியாச்சே! நீங்கதான் தாய்மாமனா?" அவருக்கு ஒரே பூரிப்பு. அக்கா பக்கம் திரும்பினார். "உங்க தம்பி கை ராசியான கைங்க. முன்னல்லாம் வாரத்துக்கு ரெண்டு தரம் பியூஸு போவும். இவரு வந்து போட்டுக் குடுத்தாரு பாருங்க, ரெண்டு வருசமா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு போனதில்ல!"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்தாள். என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் புறங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். "கொஞ்சம் மெயின நிறுத்துங்க" என்றாள். பழமலை ஓடிவந்து நிறுத்தினான். கட்டையைப் பிடுங்கி, பழக்க தோஷத்தில் ஒரு தட்டு தட்டினாள். ணங். பிறகு உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

கூடத்தில் கேசரியும் பஜ்ஜியும் மணத்தன. இலை போட்டாகிவிட்டது. அக்கா சொன்னாள், "மன்னிச்சிக்கிங்க. இந்தக் கம்பி இருக்கற வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

அமிர்தம் அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கோவிந்தசாமி எழுந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் ரோஷக்காரர்.

"புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. எங்ககிட்ட ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறோம். பியூஸு கட்டயக் காட்டிச் சாக்கு சொல்லாதீங்க."

"சாக்கு இல்லீங்க..."

"ரெண்டு வருசமா நல்லா ஓடுது. என்னா கெட்டுப் போச்சு?"

என் சட்டைப் பையில் செல் 'டிடிங்' என்றது. கயல். எடுத்துப் பார்க்காமலே தெரியும், "என்னாச்சு மாமா?" அந்தப் பெண் அங்கே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் நான். இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லோரும் சேர்ந்து அக்காவைத்தான் கிறுக்கச்சி என்பார்கள். எழுந்து நின்றேன். 

"ஐயா, தப்பு என் மேலதான். நல்லா ஓடல, நல்லா ஓடற மாதிரி இருக்குது. போவாம இருக்கணும்னு அம்மா கேட்டாங்க, நான் கட்டிட்டேன். அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உள்ள வயரு எப்பிடி இருக்குதுன்னு பாருங்க."

திருகாணியைக் கழற்றி வயர் முனையை இழுத்துக் காட்டினேன். மேல்தோல் பழுப்பேறி, தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ரப்பர் கருகின வாசனை அடித்தது. கோவிந்தசாமி அருகே வந்து முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரோஷம் மெல்ல இறங்கியது.

"இது நீங்க ரெண்டு பேரு இருக்கற வூடு மட்டும் இல்லீங்க" என்றாள் அக்கா. குரல் தணிந்திருந்தது. "சாயந்திரமானா முப்பது புள்ளைங்க வந்து குந்தற எடம். கயலு சொல்லியிருக்கா. நாளைக்கி எம் பொண்ணும் இங்கதான் குந்தும்."

பழமலை கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் யூபிஎஸ் வாங்குனேன், வைரஸு வரக்கூடாதுன்னு சாஃப்ட்வேர் போட்டேன்" என்றான். "இத்த ஒரு நாளும் தொறந்து பாக்கல அத்த." கடைசியில் வந்த அந்த 'அத்தை' அக்காவைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. எனக்குத் தெரியும், அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும்.

பிறகு நடந்ததெல்லாம் வேலைதான். பழமலையின் வண்டியில் கடைவீதிக்குப் பறந்தோம். புது வயர், ஷெட்டுக்குத் தனியாக ஒரு மெயின், சரியான பியூஸ் கம்பி. நான் ஏணியில் நின்றேன், மாப்பிள்ளை கீழே வயரைப் பிடித்தான். பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையை வேலை வாங்கிய தாய்மாமன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஷெட்டைத் தனியாகப் பிரித்தாகிவிட்டது. கெட்டுப்போன பழைய வயரையும் மாற்றினேன். அர்ச்சுனன் மாமா மட்டும் கேசரிச் சட்டி எதிரே உட்கார்ந்து, அதைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்.

ஏணியின் அடியில் வந்து நின்றாள் அக்கா. "எத்தினி வூட்டுல இந்த மாதிரி கட்டியிருக்க?"

"ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகப்படுத்திக்க. ஒரு வூடு பாக்கி இல்லாம போயி மாத்து. மாத்திட்டு வந்தாதான் கல்யாணத்துல தாய்மாமன்னு முன்னால வந்து நிக்கணும்."

நின்றேன். தை மாதம் கல்யாணம், அதற்குள் அறுபத்தேழு வீடு. மங்கலம்பேட்டை, வேப்பூர் வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். பாதிப் பேர் கதவைத் திறந்ததும் சிரித்தார்கள், மாற்றி முடித்ததும் திட்டினார்கள். "நல்லா இருந்தத வந்து கெடுத்துட்டுப் போற" என்றார் ஒருத்தர். நானும் சிரித்துக்கொண்டே, எதையெல்லாம் ஒரே நேரத்தில் போடக்கூடாது என்று போர்டு பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். அந்த நாலு மாதம் போல நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்றைக்கு, வேலை முடியும்போது மணி மூன்றரை இருக்கும். மெல்லிய கம்பி கட்டிய கட்டையைச் செருகி மெயினைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். அமிர்தம் அம்மா, பசியோடு வந்தவர்களை இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்ற பதற்றத்தில் அடுப்படிக்கு ஓடினார். சட்னிக்கு மிக்ஸி. வடைக்கு ஊறவைத்த பருப்புக்கு கிரைண்டர். ஆறிப்போனதைச் சூடு பண்ண, புதிதாக வாங்கிய கரண்ட் அடுப்பு. பிரிட்ஜும் டிவியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. பின்பக்கம் தண்ணீர் மோட்டாரை யாரோ தட்டிவிட்டார்கள்.

டப்.

ஃபேன் நின்றது. டிவி அணைந்தது. அடுப்படியில் கிரைண்டர் ஒரு முனகலோடு அடங்கியது.

"ஐயோ, கரண்ட்டு கட்டா?" என்றார் அமிர்தம் அம்மா. அப்போதெல்லாம் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். ஆனால் அது அந்த நேரம் இல்லை.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அர்ச்சுனன் மாமா எழுந்து வாசலுக்குப் போனார். தமிழ்நாட்டில் எந்த ஆம்பளையும் அந்த நேரத்தில் செய்கிற அதே காரியம், எதிர் வீட்டை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்.

"எதுத்த வூட்டுல ஃபேன் ஓடுது."

நான் ஓடிப்போய்க் கட்டையைப் பிடுங்கினேன். கம்பி நடுவில் அறுந்து, இரண்டு முனையிலும் சின்ன உருண்டை உருகி நின்றது. அக்கா என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். குழந்தை முதல் பல் முளைத்த வாயைத் திறந்து காட்டினால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"போயிடுச்சு!" என்றாள். "போயிடுச்சுங்க!"

கோவிந்தசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பிடி போயிட்டே இருந்தா என்னாங்க பண்றது?"

"போவட்டுங்க. போறதுக்குன்னுதான் அதச் செய்யறோம். போனா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே இலை முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பரிமாறுங்க சம்பந்தி. பசி உசுரு போவுது."

சம்பந்தி! அமிர்தம் அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஃபேன் இல்லாமல், முதுகில் வேர்வை ஊற்ற ஊற்ற, நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து சாப்பிட்டேன், எதுவும் அதன் கிட்டே வரவில்லை. மாமா மூன்று முறை கேசரி வாங்கினார்.

சாப்பாட்டுக்கு நடுவே செல் மறுபடி 'டிடிங்'. அந்தப் பெண்ணை மறந்தே போய்விட்டோம். இடது கையால் எடுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை எழுத்தில் அவசரமாகத் தட்டி அனுப்பினேன். "பியூஸ் போயிடுச்சு." எனக்கு அது அன்றைக்கு மங்கலச் செய்தி. ஊர் வழக்கில் அதற்குக் காரியம் கெட்டது என்று அர்த்தம் என்பது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவே இல்லை.

அரை நிமிஷத்தில் போன் அடித்தது. காதில் வைத்தால் கயல் தேம்பித் தேம்பி அழுகிறாள். "எனக்குத் தெரியும் மாமா, அம்மா கெடுத்துடுவாங்கன்னு எனக்குத் தெரியும்..."

அக்கா எச்சில் கையோடு எட்டி, இடது கையால் போனைப் பிடுங்கினாள்.

"ஏன்டி அழுவற?" என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "பியூஸு போச்சுடி! அம்மா கை நனைச்சிட்டேன்!"